மைக் கையில் இருக்கும்வரை

மணிலாவை ஒட்டின நவோதாஸ் மீன் துறைமுகத்துப் பக்கம் போய், பல் போன ஆளாகப் பார்த்து, "யார் கைவரிசை?" என்று கேட்டால், பாதிப் பேர் சானிங்கின் பெயரைச் சொல்வார்கள். மீதிப் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். ஒரு பொம்பளை கையால் அடி வாங்கினேன் என்று ஒத்துக்கொள்ள எல்லாருக்கும் மனசு வருமா?

ஆள் என்னவோ குள்ளம்தான். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் தலை மட்டும் தெரியும். ஆனால் பதினேழு வயதில் தெற்கே சமார் தீவிலிருந்து கப்பலேறி வந்ததிலிருந்து மீன் வெட்டி, ஐஸ் உடைத்து, பெட்டி தூக்கிய கைகள். அந்தக் கையில் ஐஸ் உடைக்கிற மரக்கட்டை எப்போதும் இருக்கும். அவளுடைய சாராயக் கடைக்குள் நுழைகிறவன் முதலில் கட்டையைப் பார்ப்பான். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்ப்பான்.

துறைமுகக் கூலிகள் ராத்திரி முழுக்க மீன் தொட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டு, வெயில் ஏறும்போது அவள் கடைக்கு வருவார்கள். ஊரே காபி குடிக்கிற நேரத்தில் இவர்கள் ஜின் குடிப்பார்கள். மேஜைக்கு ஒரே ஒரு கிளாஸ், ஒருத்தன் ஊற்றுவான், கிளாஸ் சுற்றி வரும். தொட்டுக்கொள்ளப் பொரித்த மீன், காடியில் ஊறிய மிளகாய். மூலையில் பாட்டுப்பெட்டி. ஐந்து பெசோ காசைப் போட்டு எண்ணை அமுக்கினால் இசை வரும், திரையில் வரி ஓடும், மைக்கைப் பிடித்துப் பாட வேண்டியது. பாட்டு முடிந்ததும் பெட்டி எக்காளம் ஊதி மார்க் போடும். மார்க்குக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அதற்காக ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடிப்பான்.

சானிங்கின் கடையில் சட்டம் இரண்டு. பாடுகிறவனைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது. மைக் பிடித்தவன் மேல் எவனும் கை வைக்கக் கூடாது. மைக்கைக் கீழே வைத்துவிட்டால் அவனவன் பாடு. சுவரில் எழுதிப் போட்டதில்லை. புரியாதவர்களுக்குக் கட்டை புரியவைத்தது. புலாக்கான் பக்கத்து லாரி டிரைவர் ஒருத்தன் கிழவர் ஒருவரின் பாட்டுக்குக் கொக்கரித்துச் சிரித்தான். அடுத்த மூச்சில் முன்பல் இரண்டும் மிளகாய்க் காடிக்குள் விழுந்தன. குளிர்கிடங்குக் காவல்காரன் ஒருத்தன், "என் பாட்ட எவன்டா பாடுறது?" என்று துப்பாக்கியை உருவினான். சானிங் அவன் கையை மேஜையோடு சேர்த்து அடித்தாள். குண்டு கூரையில் பாய்ந்தது. விரல்கள் கோணலாகவே கூடின. பாடிக்கொண்டிருந்தவன் நடுங்கி நிறுத்தினபோது, "நீ எதுக்குடா நிறுத்துற? காசு போட்டிருக்கல்ல, பாடி முடி" என்றாள்.

சிரிப்புக்கு அப்படி என்ன விஷயம் என்று கேட்பீர்கள். தெற்குத் தீவுக்காரர்கள் வாயில் 'எ' வர வேண்டிய இடத்தில் 'இ' வந்துவிடும், 'ஒ' வர வேண்டிய இடத்தில் 'உ' வந்துவிடும். நம் தமிழில் போட்டுச் சொன்னால், திரையில் "தேடித் தேடி ஓய்ந்தேனே நெஞ்சே" என்று ஓடும். இவர்கள் உருகி உருகி "தீடித் தீடி ஊய்ந்தீனி நிஞ்சி" என்பார்கள். மணிலாக்காரனுக்கு வயிறு குலுங்கும். டிவி நாடகத்தில் வேலைக்காரி என்று ஒருத்தி வந்தால் இப்படித்தானே பேச வைக்கிறார்கள். இங்கிலீஷ் பாட்டில் 'ஃப' வரும் இடமெல்லாம் 'ப' போட்டு நாசம் பண்ணுகிறவன்தான் அவனும். அது மட்டும் அவன் காதில் விழாது.

சானிங்குக்கும் அதே தீவு வாய்தான். அதனால் அவள் பாடினதே இல்லை.

அவள் புருஷன் எல்பிடியோ பக்கத்து மலபோன் ஊர்க்காரன், மணிலாக்காரர்கள் பேசுகிற சுத்தத் தகலோக் வாய். அழகன், நல்ல குரல், மற்றவர்களைப் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன். பாதிரியார், போலீஸ்காரன், சீன முதலாளி, யாரையும் விட மாட்டான். சானிங்கையும் விட்டதில்லை. அவள் அரிசி கேட்டால், அவள் கேட்ட மாதிரியே இழுத்துச் சொல்லி அடுத்த வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைப்பான். அவளும் சிரிப்பாள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்கத் தொட்டி இழுத்துவிட்டு வந்து, தூங்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். அவளுக்கு அவன்மேல் உயிர். ஆனால் அவன் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகும்.

அந்தச் சிரிப்புதான் அவனைக் கொன்றது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே பாட்டுப்பெட்டி, ஆனால் வேறொருத்தர் கடை. சமாருக்குப் பக்கத்து லெய்த்தே தீவிலிருந்து புதிதாக வந்த ருஃபீனோ என்கிற கூலி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். எல்பிடியோ இன்னொரு மைக்கை எடுத்தான். ருஃபீனோவின் ஒவ்வொரு இகரத்தையும் உகரத்தையும் அப்படியே பிடித்து, இரண்டு மடங்கு இழுத்துக் கூடவே பாடினான். கடை உருண்டு புரண்டு சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எல்பிடியோவுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. ருஃபீனோ பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரி முடிந்த கையோடு மீன் அறுக்கும் கத்தியை எடுத்து எல்பிடியோவின் வயிற்றில் இறக்கினான். இழுத்து மறுபடி இறக்கினான். சானிங் செய்தி கேட்டு ஓடி வந்தபோது தரையில் ஜின்னும் ரத்தமும் கலந்து கால் வழுக்கியது. திரையில் தொண்ணூற்றெட்டு மார்க் மின்னிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு எகரமும் தெரியாது, இகரமும் தெரியாது.

சவப்பெட்டிக்கு முன்னால் எல்பிடியோவின் தம்பி மார்செலோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். "அண்ணி, அவன் ஜெயில்ல சாகலேன்னா என் கையால சாவான்." சானிங் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். "கதவ நான் சாத்துறேன், நீ குத்து" என்றாள். அழுகையில் வந்த பேச்சு இல்லை அது. பதினோரு வருஷமும் அவள் அதை மாற்றி நினைக்கவில்லை.

பயந்துபோன கடைக்காரர் பாட்டுப்பெட்டியைத் தூக்கிப் போடுகிற விலைக்கு விற்றார். சாவுக்கு வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன பணத்தில் சானிங் அதை வாங்கி இந்தக் கடையைப் போட்டாள். தெருவே காறித் துப்பியது. புருஷன் செத்த பெட்டியை வாங்கிப் பிழைக்கிறாளே, இவள் பொம்பளையா என்றது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே இரண்டாவது மைக்கின் ஒயரைக் கத்தியால் அறுத்துக் கடலில் வீசினாள்.

அந்த ருஃபீனோ ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குள் வந்தான்.

யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை, ஒட்டின கன்னம், தோளில் ஒரு பை. நேரே மூலைக்குப் போனான், காசைப் போட்டான், மைக்கைக் கையில் எடுத்தான். இசை தொடங்கியது. அப்புறம்தான் திரும்பினான். இந்தக் கடைச் சட்டம் ஜெயில்வரைக்கும் எட்டியிருக்கும் போல.

"சானிங் அக்கா," என்றான் மைக்கில். "நான் ருஃபீனோ."

பெயர் ஒலிபெருக்கியில் தெருவரைக்கும் கேட்டது. நடு மேஜையில் குடித்துக்கொண்டிருந்த மார்செலோ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். ஐஸ் குத்துகிற ஊசி கைக்கு வந்துவிட்டது. அவனுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் கொக்கியோடு எழுந்தார்கள். எல்லாரும் இரண்டு எட்டு வைத்து அப்படியே நின்றார்கள்.

"மைக்க வெச்சிருக்கான்டா," என்றான் ஒருத்தன்.

எல்லாரும் சானிங்கைப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டையை அவன் மண்டையில் போட வேண்டும், அவ்வளவுதான், வேறு நினைப்பே இல்லை. ஆனால் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"பேசுறதுக்கா மைக்கு? பாட்டு ஓடுது பார். பாடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயலோ பாட ஆரம்பித்துவிட்டான். எங்கே 'எ' வந்தாலும் 'இ', எங்கே 'ஒ' வந்தாலும் 'உ'. பதினோரு வருஷச் சிறை அதை மட்டும் திருத்தவில்லை.

மார்செலோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "பாடட்டும். எவ்வளவு நேரம் பாடுவான்? பாக்கெட்டு எவ்வளவு ஆழம்னு பாத்துருவோம்" என்று கிளாஸை நிரப்பினான். தெருவில் சேதி பரவியது. ஜன்னலெல்லாம் தலைகள். யாரோ வாசல் கதவைச் சாத்தினார்கள். அது தான் செய்வதாகச் சொன்ன வேலை என்று சானிங்குக்கு ஞாபகம் வந்தது.

பாட்டு முடிந்து எக்காளம் ஊதியது. அடுத்த காசைப் போடுவதற்குள் ருஃபீனோ அவசரமாகப் பேசினான்.

"கப்பல் ஏறத்தான் வந்தேன் அக்கா. துறைமுகத்துலயே மார்செலோ ஆள் போட்டிருக்கான்னாங்க. ஊருக்குப் போனாலும் வந்து எங்கம்மா கண்ணு முன்னால குத்துவாங்க. எதுன்னாலும் இங்கயே ஆகட்டும்."

"அப்ப மைக்க வெய்யி!" என்று மார்செலோ கத்தினான்.

"பயமா இருக்கு," என்றான் ருஃபீனோ. அதுவும் ஒலிபெருக்கியில் போனது. இரண்டாவது பாட்டு தொடங்கியது.

மூன்றாவது, நான்காவது என்று போனது. ஒவ்வொரு எக்காளத்துக்கும் நடுவில் அவன் ஒரு துண்டு பேசினான். செய்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அன்றைக்கு எல்பிடியோ ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து தன்னையே ஆச்சரியமாகப் பார்த்தான் என்றும், அந்தப் பார்வை தினமும் வருகிறது என்றும் சொன்னான். கட்டையைப் பிடித்த சானிங்கின் கை வேர்த்து வழுக்கியது, பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இவனும் என்னைப் போலத்தான் பேசுகிறான், எங்கள் பக்கத்து ஆள்போலப் பேசுகிறான் என்று நினைத்ததும், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்செலோவுக்குப் பொறுமை போய்விட்டது. தந்திரம் ஒன்று தோன்றியது. தொட்டால்தானே தப்பு? அவனே மைக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தால்? மார்செலோ எழுந்து மேஜைமேல் ஏறினான்.

"தீடித் தீடி ஊய்ந்தீனி நிஞ்சி!"

அண்ணனின் குரலேதான், அதே இழுப்பு, அதே கண்ணடிப்பு. எல்பிடியோ எழுந்து வந்து நிற்பதுபோல இருந்தது. கூட்டாளிகள் வெடித்துச் சிரித்தார்கள். ஜன்னல் பக்கமும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"என்னடா ருஃபீனோ, நிஞ்சி வலிக்குதா? அம்மா ஊருல தீடுறாளா? பாடுடா, பாடு! தீடித் தீடிப் பாடு!"

ருஃபீனோவின் முகம் மாறியது. பயந்த முகம் போய் வேறொரு முகம் வந்தது. கண் சுருங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, மைக் பிடித்த கை மெதுவாகக் கீழே இறங்கியது. மற்றக் கை மேஜைமேல் இருந்த பாட்டிலைத் தேடியது. சானிங் அதைப் பார்த்தாள். புருஷன் கடைசியாகப் பார்த்த முகம் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் கட்டையைச் சுழற்றி மார்செலோவின் முழங்காலில் போட்டாள். அவன் மேஜையோடு சரிந்தான். கிளாஸ், பாட்டில், மீன் எல்லாம் சிதறின.

"சட்டம் தெரியாதா உனக்கு?"

"அண்ணி, பைத்தியமா உனக்கு? அவன் யாருன்னு தெரியல?"

"சிரிச்சது நீதான். அது தெரியுது."

மார்செலோ எழுந்தான், நொண்டிக்கொண்டே ஊசியை ஓங்கி ருஃபீனோவின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான். சானிங் நடுவில் புகுந்தாள். ஊசி அவள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் வலியைக் கூடப் பார்க்கவில்லை. கட்டையை இரண்டு கையாலும் பிடித்து அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் இசைக்கு மேலே கேட்டது. அவன் அலறினான். கூட்டாளி ஒருத்தன் கொக்கியைத் தூக்கினான். அவன் வாயில் ஒன்று போட்டாள். அவன் ரத்தமும் பல்லுமாகக் குனிந்தான். மற்றவர்கள் நகரவில்லை.

"பாட்டு ஓடுது," என்றாள் சானிங், மூச்சு வாங்க. ருஃபீனோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எதுக்குடா நிறுத்தின?"

மைக் மறுபடி மேலே ஏறியது. அவன் பாடினான். அழுதுகொண்டே பாடினதால் இகரமும் தெரியவில்லை, எகரமும் தெரியவில்லை. பெட்டி அதற்கும் தாராளமாக மார்க் போட்டது.

எக்காளம் அடங்கியது. ருஃபீனோ பாக்கெட்டில் கையை விட்டான். மறு பாக்கெட்டில் விட்டான். பையைக் கவிழ்த்தான். ஒரு சட்டை விழுந்தது, ஒரு ஜெபமாலை விழுந்தது, கப்பல் சீட்டு விழுந்தது.

"காசு தீந்துபோச்சு அக்கா," என்றான்.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். அவசரமே இல்லாமல் எழுந்தார்கள். பாட்டு இல்லையென்றால் பாடுகிறவன் இல்லை, அவ்வளவுதான். தரையில் கிடந்த மார்செலோ இடது கையால் ஊசியைத் தேடி எடுத்துக் கூட்டாளியிடம் நீட்டினான். "அண்ணி, நீ நகரு போதும். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நகரு."

உண்மைதான். அவள் நகர்ந்தால் போதும். பதினோரு வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். அவன் சாக வேண்டும் என்று அப்போதும் அவள் நெஞ்சு முழுக்க விரும்பியது. மன்னிப்பு என்று ஒன்று அவளுக்குள் துளிகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், கட்டையை எடுத்து எல்பிடியோவின் வாயில் போட்டிருந்தால், பல் இரண்டு போயிருக்கும். ஆள் இருந்திருப்பான். பல் இல்லாத வாயால் இன்னும் அவளைக் கேலி பண்ணிக்கொண்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பான். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மடியை அவிழ்த்தாள். ஒரு ஐந்து பெசோ காசை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"உன் புருஷன் ரத்தத்துக்கு நீ காசு போடுறியா?" என்று மார்செலோ கதறினான்.

"என் பெட்டி, என் காசு. பாடட்டும்."

"எந்தப் பாட்டு அக்கா?" என்றான் ருஃபீனோ.

"எந்த எழவையாவது பாடு!"

அப்புறம் அவள் காசு போட்டுக்கொண்டே இருந்தாள். தோளிலிருந்து ரத்தம் முழங்கை வழியாக இறங்கிக் காசெல்லாம் பிசுபிசுத்தது. மார்செலோவை எலும்பு பார்க்கிறவரிடம் தூக்கிப் போனார்கள். போகும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இனி ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். புருஷன் வழியில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். மற்றவர்கள் சுவரோரம் கொக்கியோடு உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஆனால் ராத்திரி முழுக்கத் தொட்டி இழுத்த உடம்பு எத்தனை நேரம் தாங்கும்? வெயில் உச்சிக்கு வந்தது. சாயந்திரம் மறுபடி படகு வரும், மறுபடி இழுக்க வேண்டும். ஒருத்தன் கொட்டாவி விட்டான். ஒருத்தன் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். ஒவ்வொருத்தராக எழுந்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டு, வீட்டுக்குத் தூங்கப் போனார்கள்.

கடைசி ஆளும் போன பிறகு கடையில் அவர்கள் இரண்டு பேர்தான். ருஃபீனோவுக்குக் குரல் போய் வெகுநேரமாகியிருந்தது. வாய் மட்டும் அசைந்தது. திரையில் வரிகள் சும்மா ஓடின. சானிங் பெட்டியை நிறுத்தினாள்.

"போதும். வை."

அவன் மைக்கை வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. விரல்கள் மடங்கினபடி இறுகிப்போயிருந்தன, அவன் தலையை மட்டும் ஆட்டினான். சானிங் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள். கத்தியைப் பிடித்த கை அது. சில்லிட்டிருந்தது. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியாக விட்டது. அவள் மைக்கை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

அப்புறம் கையை ஓங்கி, உடம்பில் இருந்த பலமெல்லாம் சேர்த்து, அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் நாற்காலியோடு போய் விழுந்தான். சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. அவள் அறைந்துகொண்டே இருந்தாள். சத்தம் போட்டு அழுதாள். கை வலித்து விழுந்த பிறகுதான் நிறுத்தினாள்.

தரையில் கிடந்த சட்டையையும் ஜெபமாலையையும் கப்பல் சீட்டையும் பைக்குள் திணித்து அவன் மேல் எறிந்தாள்.

"எந்திரி," என்றாள். "மூஞ்சியத் துடச்சிக்க. எல்லாவனும் தூங்குறான், பின்வாசல் வழியாப் போ, கப்பலுக்கு நேரமாகுது."